மண்டபத்துச் சாவி

ஒரு பங்கிலிருந்து மறு பங்கிற்கு மாற்றலாகிச் செல்லும்போது நாங்கள் அடுத்து வரும் குருவிடம் ஒப்படைப்பவை பெரும்பாலும் மூன்று: கணக்குப் புத்தகங்கள், திருமுழுக்கு முதலான பதிவேடுகள், ஒரு சாவிக்கொத்து. கணக்கைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவோம். பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்போம். சாவிக்கொத்தை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தனை ஆண்டுக் குருத்துவ வாழ்வில் எத்தனையோ கொத்துகளை வாங்கியும் கொடுத்தும் இருக்கிறேன். அவற்றுள் ஒரே ஒரு சாவி என் மனசாட்சியில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

2008ஆம் ஆண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளங்களை ஒட்டிய ஒரு சிறு பங்கில் இருந்தேன். இந்திய நாட்டில் குஜராத்திற்கு அடுத்தபடியாக மிகுதியாக உப்பு விளைவது நம் தமிழ்நாட்டில். அதிலும் பெரும்பகுதி அந்தக் கடற்கரையில்தான். ஏறத்தாழத் தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை அங்கே பருவம். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க இயலாது. வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைப் பறித்துவிடும். ஆகையால் அளத்து வேலை விடியுமுன் தொடங்கும். மூன்று மணிக்கே தெருவில் தூக்குவாளிச் சத்தம் கேட்கும். ஆண்கள் உப்பை வாரிக் கரையேற்ற, பெண்கள் அதைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். நானோ ஐந்தரை மணித் திருப்பலிக்கு எழுந்திருப்பேன். ஆலயத்தில் முதியோர் சிலரே இருப்பர். இந்த ஊரில் இளந்தாய்மாருக்குப் பக்தி குறைவு என்று தொடக்கத்தில் எண்ணியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அத்தாய்மாரின் பிள்ளைகள் அந்நேரத்தில் எங்கே இருந்தார்கள்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கைக்குழந்தைகள் சிலர் தாயோடு அளத்துக்குச் சென்று, ஓலைக்கீற்றின் நிழலில் கிடந்தார்கள். பாட்டி இருந்த வீடுகளில் பாட்டி பார்த்துக்கொண்டாள். பாட்டியும் அளத்துக்குப் போகும் வீடுகளில் பத்து வயது அக்காவே தாயானாள். அக்காவும் இல்லாத வீடுகளில், தவழும் பிள்ளையின் இடுப்பில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்து, கதவைச் சாத்திவிட்டுப் போன தாய்மாரும் இருந்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்று சொல்ல வேண்டாம். அந்த முடிச்சைப் போடும்போது விரல் நடுங்கியதைப் பிற்காலத்தில் ஒருத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பால்வாடி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. உப்பு லாரிகள் ஓடும் பெருஞ்சாலைக்கு அப்பால், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அதுவும் வெயில் ஏறிய பிறகே திறக்கும். மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்து அனுப்புவார்களே தவிர, அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கமில்லை. தாய் வீட்டை விட்டுப் புறப்படும் நேரத்திற்கும் பால்வாடி திறக்கும் நேரத்திற்கும் இடையே ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரம் எந்த அரசின் கோப்பிலும் இல்லை. என் பங்கின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவ்வாண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்ததும் ஒன்பது பெண்கள் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டார்கள்.

“சாமி, புது மண்டபம் சும்மாதான கெடக்கு. வெடியக்காலம் மூணு மணியிலருந்து ஒம்பது மணி வரைக்கும் எங்களுக்குத் தாங்க. பிள்ளைகள அங்க போட்டுட்டுப் போறோம். பாத்துக்கிட ஆளு நாங்களே வச்சிக்கிடுதோம்.”

மண்டபம் முந்திய ஆண்டுதான் கட்டி முடிந்திருந்தது. தரையில் பளபளக்கும் ஓடு. சுவரில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல். கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விட்டு, பங்கின் கடனை அடைத்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் தரையை நனைத்துவிடுவார்கள். ஏதேனும் ஆனால் யார் பொறுப்பு என்ற அச்சம் வேறு. இவற்றை வெளிப்படையாகச் சொல்ல என் கௌரவம் இடந்தரவில்லை. ஆகையால் குருமடத்தில் கற்ற இறையியலைத் துணைக்கு அழைத்தேன். குழந்தை வளர்ப்பு குடும்பத்தின் முதற்கடமை. குடும்பம் செய்ய வேண்டியதை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்வது முறையன்று. தாயின் இடத்தை எவரும் நிரப்ப முடியாது. இப்படியெல்லாம் விளக்கினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயதில் மூத்த ஒரு பெண் மட்டும், “சரி சாமி. நீங்க சொல்லுததும் சரிதான். தாய் எடம் தாய்க்குத்தான். ஆனா அந்தத் தாய் மூணு மணிக்கு அளத்துல நிக்காளே” என்றாள். தலைக்குமேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். சாவி என் மேசையில் கிடந்தது.

பாஸ்கு விழா கழிந்த இரண்டாம் வாரம். விடியற்காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கையிலிருந்து பானை நழுவி, அருகில் உட்கார்ந்திருந்த மூன்று வயதுத் தம்பியின் தோளிலும் முதுகிலும் கொட்டிவிட்டது. அண்டை வீட்டு முதியவர் ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினார். அரசு மருத்துவமனையில் அவனைப் பார்க்கச் சென்றேன். பிள்ளை பிழைத்துக்கொண்டான், தழும்பு மட்டும் நின்றுவிட்டது. கட்டிலுக்குக் கீழே, தரையில், அக்காக்காரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பில் இருக்க வேண்டியவள். சென்ற கார்த்திகை முதலே பள்ளிக்குப் போகவில்லை என்று அப்போதுதான் அறிந்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “எம்மேலதான் சாமி தப்பு” என்றாள்.

மறைக்கல்வி வகுப்பில் நான் கற்பித்த பிள்ளை அவள். குற்றத்தை மனமுவந்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தச் சொற்கள் யார் வாயிலிருந்து வந்திருக்க வேண்டுமோ அவன் பேசாமல் நின்றான்.

அன்று மாலையே மண்டபத்தைத் திறந்து, சாவியை அந்த மூத்த பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குத்திக்காட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “நாளைக்கே வச்சிருவோம் சாமி” என்றாள். மறுநாள் மூன்று மணிக்கு, உறங்கும் பிள்ளைகளைத் தோளில் சாய்த்தபடி தாய்மாரும் தகப்பன்மாரும் இருளில் வந்தார்கள். உத்தரத்துக் கொக்கிகளில் சேலைத் தொட்டில்கள் ஏறின. முதல் நாளில் 30 பிள்ளைகள்.

நல்ல மனத்தால் ஒரு காப்பகத்தைத் திறந்துவிடலாம். நடத்த முடியாது என்பதை முதல் மாதமே கற்றுக்கொண்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய். பால், கேப்பைக் கூழ், மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் சேர்ந்து 3,000. ஆக மாதம் 6,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று ரூபாய் எனப் பெற்றோர் தந்தார்கள். 26 நாள்களுக்கு 2,340 ரூபாய் சேர்ந்தது. எஞ்சிய 3,660 ரூபாயைப் பங்கு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பங்குப் பேரவையில் வைத்தேன். திருவிழா வாணவேடிக்கைப் பணத்தில் கைவைக்காமல் அது முடியாது என்று தெரிந்ததும் பெரிய வாக்குவாதம் எழுந்தது. இரண்டு வாணத்தைக் குறைத்தால் புனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு முதியவர் சொல்லி முடித்துவைத்தார்.

ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு பெரிய பொய் இருந்தது. கட்டணத்தைக் கூட்டினால் தாய்க்கு அளத்துக் கூலியில் மிச்சம் இராது. கூட்டாவிட்டால், விடியுமுன் எழுந்து முப்பது பிள்ளைகளைக் காக்கும் அந்த இரண்டு பெண்களுக்கு நியாயமான கூலி தர முடியாது. ஆளைக் குறைத்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை. ஏழைப் பெற்றோர், ஏழைப் பணிப்பெண், குழந்தை என்னும் மூவருக்குள்ளேயே செலவைப் பங்கிட்டால் எவரேனும் ஒருவர் பட்டினி கிடந்தே ஆக வேண்டும். நான்காவதாக ஒரு கை வேண்டும். அந்தக் கை பொதுப்பணம். அதாவது, உப்பு வாங்கும் நாமெல்லாரும் செலுத்தும் வரி.

இதை எனக்கு முன்பே பெற்றோர் உணர்ந்திருந்தார்கள். உழைக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கான காப்பகத் திட்டம் ஒன்று 2006 முதல் நடுவண் அரசிடம் இருந்தது. விண்ணப்பிக்கலாம் என்று விவரம் வாங்கி வந்து படித்துக் காட்டினேன். 25 பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம். பணியாளர் இருவருக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம். பிள்ளை ஒன்றின் உணவுக்கு நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் எட்டுப் பைசா. இதைக் கேட்டதும் ஒரு தாய் சிரித்துவிட்டாள். “அந்த எட்டுப் பைசாவ எப்படி சாமி குடுப்பாவ?” என்றாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்தது. ஆயினும் விண்ணப்பித்தோம். பதிலே வரவில்லை.

அருகிலுள்ள கல்லூரியில் பணியாற்றிய அருள்சகோதரி ஒருவர் வேறொரு வழி காட்டினார். உணவுரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. பால்வாடி இல்லாத ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குறைந்தது 40 பேர் இருந்து, மக்கள் கேட்டால், மூன்று மாதத்திற்குள் அங்கே ஒரு மையம் திறக்க வேண்டும். செய்தி தெருவில் பரவிய வேகத்தைச் சொல்லி மாளாது. எழுத்தறிந்த இரண்டு பெண்களும், லாரியில் உப்பு மூட்டை ஏற்றும் ஒரு தகப்பனும் வீடு வீடாகச் சென்று எண்ணினார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை 53.

மனுவை நானே எழுதினேன். குருமடத்தில் பயின்ற இலக்கணத் தமிழ். ‘தாங்கள் கருணை கூர்ந்து’ என்று அதில் ஐந்து இடங்களில் இருந்தது. வாசித்துக் காட்டியபோது அந்தத் தகப்பன் கைதூக்கினார். “சாமி, கோர்ட்டு ஆர்டர்ல உரிமைன்னு இருக்குன்னீங்க. பெறகு எதுக்கு கருண கூரணும்?” என்றார். ஐந்து இடங்களிலும் அடித்தேன். இறையியலில் நீதிக்கும் இரக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டாண்டுகள் படித்தவன் நான். மூட்டை தூக்குபவர் ஒரு நொடியில் அதை எனக்கு நினைவூட்டினார்.

திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகையால் முறைவைத்துச் சென்றார்கள். ஓர் அதிகாரி கணக்குச் சரியா என்றார். வேறொருவர், வீட்டில் கிழவிகள் இல்லையா என்றார். மூன்றாமவர் கோப்பு மேலே போயிருக்கிறது என்றார். நான்காம் முறை, கணக்கைக் கண்ணால் காணட்டும் என்று சொல்லி, இரண்டு குட்டியானை வண்டிகளில் பிள்ளைகளையே ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். அலுவலகத் தாழ்வாரம் எங்கும் அழுகையும் ஓட்டமுமாக இருந்தது. ஊழியர் ஒருவர் ஓடிவந்து, “இங்கயெல்லாம் பிள்ளைகளக் கூட்டிட்டு வரக்கூடாது, வெளிய போங்க” என்று கையை வீசி அதட்டினார்.

அந்தக் கை வீச்சை எங்கோ கண்டிருக்கிறேனே என்று எண்ணினேன். மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவந்தவர்களை அதட்டியவர்கள் பகைவர்கள் அல்லர், பரிசேயரும் அல்லர், சீடர்களே. தலைவரின் நேரத்தையும் இடத்தின் ஒழுங்கையும் காப்பதாகவே அவர்கள் நினைத்தார்கள். அந்த நிகழ்ச்சியில் பிள்ளைகளின் கள்ளமின்மையைப் பற்றி எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் நடந்துவந்து, அதட்டலுக்குப் பிறகும் திரும்பிப் போகாமல் நின்ற பெற்றோரைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. அந்த ஊழியர்மேல் எனக்குச் சினம் வரவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் என் வாசலில் நின்றவனும் அவரைப் போன்றவனே.

மூன்று மாதத்தில் திறக்க வேண்டியதைத் திறக்கப் பதினாறு மாதங்கள் ஆயின. 2009 நவம்பரில் எங்கள் தெருவிலேயே பால்வாடி வந்தது. டீச்சரும் ஆயாவும் வந்தார்கள். விடியற்கால நேரத்தை மட்டும் எவரும் ஏற்கவில்லை; அது தொடர்ந்து மண்டபத்தின் பொறுப்பாகவே இருந்தது. பாதி வெற்றி என்றே சொல்ல வேண்டும்.

அந்நாள்களில் சட்டங்களையும் திரும்பப் படித்தேன். 1948இன் தொழிற்சாலைச் சட்டம், திருத்தத்திற்குப் பின், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. பின்னர் 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம் ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனத்தில் வேண்டும் என்றது. எங்கள் பெண்களோ பத்துப் பேர், பதினைந்து பேராகக் குத்தகைக்காரர்களிடம் பிரிந்து கிடந்தார்கள். எந்த எண்ணிக்கையிலும் அவர்கள் அடங்கவில்லை. சட்டம் வேலைத்தலத்தில் தாய்மாரை எண்ணியது. அவர்கள் தெருவில் பிள்ளைகளை எண்ணினார்கள். அவர்கள் எண்ணிய முறையே சரி என்று நினைக்கிறேன். பசிப்பதும் தவழ்ந்து அடுப்பருகே செல்வதும் பிள்ளை. அதன் தாய்க்கு எத்தனை சக தொழிலாளர் என்பது அதற்குத் தெரியாது.

அரசியல் சாசனமும் இவ்விடத்தில் மெல்லிய குரலிலேயே பேசுகிறது. 2002இல் செய்யப்பட்ட 86ஆம் திருத்தத்தால் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமையாயிற்று. ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்புக்கோ, 45ஆம் பிரிவில், அரசு ‘முயல’ வேண்டும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். மனிதனின் மூளையும் மொழியும் மிக விரைந்து வளரும் ஆண்டுகளுக்கு ஒரு முயற்சி. அதற்குப் பின்வரும் ஆண்டுகளுக்கு ஓர் உரிமை.

நான் அன்று துணைக்கு அழைத்த இறையியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1931இல் பதினோராம் பயஸ் திருத்தந்தை வெளியிட்ட சுற்றுமடலில் தெளிவாக்கப்பட்ட துணைநிலைக் கோட்பாடு அது. சிறிய குழு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. இந்தப் பாதியை நான் நன்றாகப் படித்திருந்தேன். ஆனால் அக்கோட்பாட்டின் பெயரே ‘சுப்சீதியும்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் துணை, உதவி. சிறியது தாங்க முடியாமல் தள்ளாடும்போது பெரியது கைகொடுக்கக் கடமைப்பட்டுள்ளது என்பது அதன் மறுபாதி. அரசு அலுவலகங்களில் மானியத்தைச் சப்சிடி என்கிறார்களே, அதுவும் இதே வேரில் முளைத்த சொல்தான். மறைநூலறிஞர்களின் கோட்பாடும் நியாயவிலைக் கடையின் சொல்லும் உடன்பிறப்புகள் என்பதை அளத்துத் தாய்மார் வழியாகவே உணர்ந்தேன். குடும்பத்தைத் தாங்குவது குடும்பத்தின் இடத்தைப் பறிப்பது ஆகாது. அந்தப் பெண்கள் தங்கள் தாய்மையை என்னிடம் ஒப்படைக்க வரவில்லை. அதைக் காத்துக்கொள்ளவே சாவி கேட்டார்கள்.

நம் நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நன்றிகெட்டதாகும். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. 1982இல் விரிந்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளையையும் பந்தியில் அமர்த்தியது. தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அதே வேளையில், நடுவண் அரசின் கணக்கில் மையப் பணியாளர் பெறுவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, மதிப்பூதியம் என்றே பெயர். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. அதே 2022இல் ‘பால்னா’ என்ற பெயரில், பால்வாடியோடு முழுநாள் காப்பகத்தை இணைக்கும் ஏற்பாடு வந்தது. நல்ல தொடக்கம். அது எந்தத் தெருவுக்கு வரும் என்பது அந்தத் தெருவில் யார் எண்ணுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

2023இல் அந்தப் பங்கின் திருவிழாவுக்கு அழைத்திருந்தார்கள். திருப்பலி முடிந்ததும் இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்து, “என்னத் தெரியுதா சாமி?” என்றாள். மருத்துவமனைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தவள். மண்டபம் திறந்த ஆண்டே மீண்டும் பள்ளிக்குச் சென்று, பன்னிரண்டாம் வகுப்பு வரை முடித்திருந்தாள். தம்பி கப்பலில் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அங்கே காப்பகம் என்று எழுதிய அறை ஒன்று உண்டு. சுவரில் முயல் படம்கூட வரைந்திருக்கிறார்களாம். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் திறப்பார்கள். மற்ற நாள்களில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டிவைத்திருப்பார்கள்.

“சேந்து கேக்கலாம்னு இருக்கோம் சாமி. இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்காவ. எழுத்துப்பிழ இருக்கான்னு மட்டும் பாத்துத் தாங்க” என்று மடித்த தாளை நீட்டினாள்.

கூட்டத்தின் நடுவே நின்றபடி வாசித்தேன். இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன, திருத்தினேன். ‘கருணை கூர்ந்து’ என்ற சொல் எங்கும் இல்லை. ‘அந்த அறையின் சாவியை எங்களிடம் தர வேண்டும்’ என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

அன்பு வாசகரே, நம் மறைமாவட்டத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு பங்கிலும் ஒரு மண்டபம் இருக்கிறது. திருமண நாள்களில் மட்டும் திறந்து, மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த ஞாயிறன்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் ஒருமுறை எண்ணுங்கள்.